உஷார்! கரை ஒதுங்கிய கட்டை மேல் ஏறி நிற்காதீர்கள்

நவம்பர் பிறந்தால் போதும், ஜொகூரின் செடெனாக், கூலாய், செனாய் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிப் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆள் நடமாட்டமில்லாத கிழக்குக் கரை மணல், கலங்கிய பழுப்பு அலை, வேரோடு பெயர்ந்து வந்து குறுக்கே கிடக்கும் ராட்சச மரம். அதன் மேல் ஒருவர் இரண்டு கைகளையும் விரித்து நிற்பார். "இடம் எங்கண்ணே?" என்று கீழே பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் நாலு கார் கிளம்பிவிடும். பின் இருக்கையில் பிள்ளைகள், டிக்கியில் முக்காலி, நாசி லெமாக் பொட்டலம்.

தயவுசெய்து நிறுத்துங்கள். படத்தில் இருப்பவர் உயிரோடு திரும்பியதற்கு அவருடைய சாமர்த்தியம் காரணமில்லை. அவர் நின்ற அந்த அரை நிமிடத்தில் பெரிய அலை வரவில்லை, அவ்வளவுதான்.

கடல் என்றால் மூழ்கிப்போவதைப் பற்றித்தான் நமக்குப் பயம். இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்காவிட்டால் ஆபத்தில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். கட்டைகள் ஒதுங்கிய கரையில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஆளைக் கொல்வது கணுக்கால் தண்ணீர்.

நான்கு மீட்டர் நீளமும் அரை மீட்டர் விட்டமும் உள்ள ஒரு மரத்துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் இது சின்னக் கட்டை. ஆற்றிலும் கடலிலும் வாரக்கணக்கில் ஊறிய பிறகு அதன் எடை 600, 700 கிலோ வரும். ஒரு பழைய பெரோடுவா கஞ்சில் கார் அவ்வளவுதான் இருக்கும். கஞ்சில் காருக்காவது கைப்பிரேக் உண்டு. இது உருண்டை. சரிவான ஈர மணலில் கிடக்கிறது. அடியில் தண்ணீர் புகுந்ததும் மணல் அரித்து ஓடும். மேலிருந்து பார்த்தால் அது தெரியாது. நீங்கள் ஏறி நின்று ஆட்டிப் பார்ப்பீர்கள், அசையாது. "உறுதியா இருக்கு, வா" என்று மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடுவீர்கள். அடுத்து வரும் அலை முந்தியதைவிட ஒரு சாண் உயரமாக ஏறிவந்தால், கட்டையின் ஒரு முனை மிதக்கும், மறுமுனை மணலில் ஊன்றியிருக்கும். கட்டை கதவு போலத் திரும்பும். மேலே நின்றவர் விழுவார். அலை திரும்பும்போது அதே கட்டை கடலை நோக்கி உருளும், விழுந்தவரின் கால் மேலேயோ நெஞ்சு மேலேயோ. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுந்தால் இன்னும் மோசம். 700 கிலோவை நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. தூக்கப் போராடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அலை வந்துவிடும். முழங்கால் ஆழத் தண்ணீரில் மனிதர் மூழ்கிப்போவது இப்படித்தான்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பசிபிக் கரையைப் பாருங்கள். அங்கே ஒலிம்பிக் தேசியப் பூங்காவை ஒட்டிய கடற்கரைகள் முழுக்க மரக்கட்டைகள்தான். உலகமெங்கும் இருந்து புகைப்படக்காரர்கள் தேடிப்போகும் இடம். அந்தக் கரைகளில் 'கடற்கரைக் கட்டைகள் கொல்லும்' என்று பெரிய எழுத்தில் பலகை நட்டிருக்கிறார்கள். பக்கத்து ஒரிகான் மாநிலத்திலும் இதையே ஆண்டுதோறும் சொல்கிறார்கள்: சில அங்குலத் தண்ணீர் இருந்தால் போதும், டன் கணக்கான கட்டையும் நகரும். தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலோடு வாழ்கிறவர்களுக்கே பலகை வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கரைகளில் சிவப்புக் கொடியையும் குளிக்காதே என்ற பலகையையும் பார்க்கிறோம். கட்டையைப் பற்றி எச்சரிப்பவர் யாரும் இல்லை. அதனால்தான் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன்.

செடெனாக்கில் இருக்கும் நமக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. நாம் செம்பனைத் தோட்டத்து மண்ணில் வளர்ந்தவர்கள். பாம்பு இருக்கும் புதர் எது, மழையில் எந்த வாய்க்கால் உடைத்துக்கொண்டு வரும், குலை வெட்டும்போது எந்தப் பக்கம் நிற்கக்கூடாது என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. கடல் நமக்குப் பழக்கமில்லை. நம் பாட்டன்மார் கப்பலேறி ஒரு தடவை கடலைக் கடந்தார்கள், கரை இறங்கியதும் தோட்டத்துக்குள் போய்விட்டார்கள். 2011இல் செனாய் - தெசாரு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்த பிறகுதான் கிழக்குக் கரை நமக்கு வாசலுக்கு வந்தது. 77 கிலோமீட்டர் சாலை, நடுவே ஜொகூர் ஆற்றின் மேல் பிரம்மாண்டமான பாலம். காலையில் தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பத்து மணிக்கெல்லாம் தென்சீனக் கடலைப் பார்த்து நிற்கலாம். இப்போது செடெனாக்கில் எழும் தரவு மையங்களில் வேலைக்கு வந்திருக்கும் வெளியூர்ப் பிள்ளைகளும் வார இறுதியில் அதே சாலையைத்தான் பிடிக்கிறார்கள். போகும் வழி சுலபமாகிவிட்டது. போய்ச் சேரும் கடல் மாறவில்லை.

அந்தக் கடல் நவம்பர் முதல் மார்ச் வரை வேறு கடல். வடகிழக்குப் பருவக்காற்று சீனக் கரையிலிருந்து தடையில்லாமல் தென்சீனக் கடல் முழுவதையும் தடவிக்கொண்டு வந்து, அலைகளைப் பெருக்கி, தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் மோதவிடுகிறது. இதே மாதங்களில் கொட்டும் மழையில் பகாங், ரொம்பின், எண்டாவ், செடிலி ஆறுகள் கரை புரண்டு, சாய்ந்த மரம், வெட்டிப் போட்ட மரம் எல்லாவற்றையும் கடலில் தள்ளுகின்றன. கரையோர நீரோட்டம் அவற்றைத் தெற்கே இழுத்து வருகிறது. தெலுக் மக்கோத்தா, தஞ்சோங் பாலாவ், தெசாரு, புங்காய் என்று வரிசையாகக் கட்டை ஒதுங்குவது இதனால்தான். நமக்குப் பிடித்த அந்தப் படத்தைத் தயாரிப்பது எது என்று பாருங்கள்: வெள்ளமும் கொந்தளிப்பும். மீனவர் படகைக் கரையேற்றிக் கட்டிவிட்டார். மெர்சிங்குக்கு எதிரே உள்ள தீவுகளில் விடுதிகள் பல கதவைச் சாத்திவிட்டன. கடலை நம்பிப் பிழைப்பவர்கள் எல்லாரும் ஒதுங்கி நிற்கும் நேரத்தில் நாம் கேமராவோடு இறங்குகிறோம்.

ஜொகூர்க் கடல் சாது என்று சொல்பவர்களுக்கு 2001 நினைவிருக்கட்டும். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் உருவாகவே முடியாது என்றுதான் வானிலை அறிஞர்கள் நினைத்திருந்தார்கள். அந்த டிசம்பரில் வெறும் 1.4 பாகை வடக்கே வாமெய் புயல் உருவாகி, 27ஆம் தேதி தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. அந்த மழையில் குனோங் பூலாய் மலைச்சரிவில் மண்ணும் மரமும் பாறையும் ஒன்றாக இறங்கி ஐந்து உயிர்களைக் கொண்டுபோயின. செடெனாக்கிலிருந்து அந்த மலை தூரமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் கடற்கரைக்குப் போகும் நாட்கள் எவை? தீபாவளியை ஒட்டிய விடுமுறை, தைப்பூச விடுமுறை. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது. கடல் மிக உயரமாக ஏறுவது இந்த இரண்டு நாட்களையும் ஒட்டித்தான். அதிலும் தைப்பூசம் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் காலத்தில் விழுகிறது. நேற்று வரை காய்ந்து கிடந்த கட்டையை இன்று தண்ணீர் தொடும். போன மாதம் நீங்களே போய்ப் பத்திரமாகப் படமெடுத்துத் திரும்பிய இடமாக இருக்கலாம், அந்த அனுபவம் இன்றைக்கு உதவாது.

வானம் தெளிந்திருப்பதும் உதவாது. பருவக்காற்று அலையலையாக வீசும். நாலைந்து நாள் மழையும் காற்றுமாகப் பேயாட்டம் ஆடிவிட்டு ஓயும். ஆறாம் நாள் நல்ல வெயில். படப்பிடிப்புக்கு இதைவிட வெளிச்சம் கிடைக்காது என்று நாம் ஓடுகிற நாள் அதுதான். கட்டைகள் புதிதாக வந்து விழுந்திருக்கும், மணலில் அமர்ந்திருக்காது. தூரத்தில் எழும்பிய அலையோ இன்னும் வந்துகொண்டிருக்கும்.

தெளிந்த வானத்தின் கீழ் கடல் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆறாத காயம் ஒன்று இருக்கிறது. 2024 மே 6ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரை. நாகர்கோவிலில் ஒரு திருமணத்துக்கு வந்திருந்த திருச்சி மருத்துவ மாணவர்கள் கடற்கரைக்குப் போனார்கள். அலை இழுத்துப்போனதில் ஐந்து பேர் இறந்தார்கள். டாக்டராக வேண்டிய பிள்ளைகள். புயல் இல்லை, மழை இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தென்கடலில் எழுந்த அலைகள் சத்தமில்லாமல் பயணம் செய்து வந்து கரையில் திடீரென்று உயர்வதை அங்குள்ளவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதற்கு முன்பே எச்சரிக்கை விடுத்திருந்தது. எச்சரிக்கை வெளியானது, கரையில் நின்றவர்களிடம் போய்ச் சேரவில்லை. நம் ஊரிலும் அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கிறது.

கேமரா பிடிப்பவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். படமெடுக்கும்போது ஒரு கண் மூடியிருக்கும், இன்னொரு கண் சின்னச் சதுரத்துக்குள் மாட்டியிருக்கும். அகலக் கோண லென்ஸ் போட்டால் அலை உள்ளதைவிடச் சிறியதாகவும் தூரத்திலும் தெரியும். அதைப் பார்த்துத்தான் இன்னும் இரண்டு அடி முன்னே போவீர்கள். தண்ணீர் பாலாக வழிவது போல் எடுக்க முக்காலியை ஈர மணலில் ஊன்றிக் குனிந்து உட்காருவீர்கள். ஓட வேண்டிய நேரத்தில் எழுந்திருக்கவே இரண்டு நொடி போகும். வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் விழும்போது அதுவே சுருக்காகும். குடும்பப் படம் எடுக்கும்போது நிலைமை இன்னும் மோசம். படமெடுப்பவர் கடலைப் பார்த்து நிற்கிறார், ஆனால் பார்வை எல்லாம் முகங்களின் மேல். படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அலையைப் பார்க்க அங்கே ஒருவர்கூட இல்லை. திருமணத்துக்கு முந்திய படப்பிடிப்புக்கு நீளப் புடவையிலும் கவுனிலும் பெண்ணைக் கட்டை மேல் உட்கார வைக்கிறார்கள். நனைந்த புடவையோடு எந்தப் பெண்ணால் ஓட முடியும்? படப்பிடிப்புத் தம்பிமார்களே, அந்தப் பெண்ணின் பெற்றோர் உங்களை நம்பித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

கட்டையைப் படமெடுக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் அழகு எனக்கும் தெரியும். ஆனால் இறங்குவதற்கு முன் மேட்டில் நின்று இருபது நிமிடமாவது கடலை மட்டும் பாருங்கள், கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். அலைகள் கூட்டமாக வரும். பத்துச் சின்ன அலைக்குப் பிறகு இரண்டு மூன்று பெரியவை சேர்ந்து வரும். அவற்றில் ஆக உயரமாக ஏறியது எந்த இடத்தைத் தொட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே, நல்ல இடைவெளி விட்டுத்தான் உங்கள் இடம். கட்டையைக் கிட்டே போய்ப் பாருங்கள், அதுவே தன் கதையைச் சொல்லும். அடிப்பாகத்தில் கொட்டலசு கொத்துக் கொத்தாக ஒட்டி ஈர நாற்றம் அடித்தால், அது இந்த வாரம் வந்த கட்டை. இன்றோ நாளையோ கிளம்பும். சுற்றிலும் மணலில் ஈரக் கோடும் குப்பைக் கோடும் இருந்தால் தண்ணீர் அதுவரை வருகிறது என்று அர்த்தம். வெளுத்து, வெடித்து, பாதி மணலில் புதைந்து, மேலே அடம்பங்கொடி படர்ந்து ஊதாப் பூ பூத்திருக்கிறதா? அது பல மாதமாக அசையாத கட்டை. படம் எடுக்க வேண்டுமானால் அதை எடுங்கள், அதுவும் மேட்டுப் பக்கத்தில் நின்று. கடுமையான கடல் எச்சரிக்கை உள்ள நாளில் இந்தக் கட்டையையும் நம்ப வேண்டாம்.

நீள லென்ஸ் கையில் இருந்தால் மேலேயே நில்லுங்கள். 200 மில்லிமீட்டரில் எடுத்தால் பின்னால் எழும் அலை கட்டையை ஒட்டிச் சுவர் போல நிற்கும். பக்கத்தில் போய் எடுக்கும் படத்தைவிட அது கம்பீரமாக இருக்கும். கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரே வேலை, கடலைப் பார்ப்பது. அவர் "வா!" என்றால் கேள்வி கேட்காமல் ஓடி வர வேண்டும். முக்காலி விழுந்தால் விழட்டும். ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொடுத்து வாங்கிய கேமராவாக இருந்தாலும் அலைக்குப் பின்னால் போகாதீர்கள்.

பிள்ளைகளை முட்டி நனைய விடலாமா என்று கேட்பீர்கள். அந்த மாதங்களில் வேண்டாம். அலைகள் உடைந்துகொண்டிருக்கும் கரையில் நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். அலை இல்லையே என்று பிள்ளைகளை அங்கேதான் விடுகிறோம். கரையில் குவிந்த தண்ணீர் கடலுக்குள் திரும்பிப்போகும் வாய்க்கால் அதுதான். நன்றாக நீந்துபவரையும் உள்ளே கொண்டுபோய்விடும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், சோர்ந்துவிடுவீர்கள். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்துங்கள். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து பிறகு திரும்புங்கள். கரையில் இருப்பவர்கள், அப்பாவே ஆனாலும், வெறுங்கையோடு பாயக்கூடாது. பிள்ளையைப் பிடிக்க அப்பா, அப்பாவைப் பிடிக்க சித்தப்பா என்று ஒருவர் பின் ஒருவராக ஒரு குடும்பமே போன செய்திகளைப் படித்துப் படித்து மனம் மரத்துவிட்டது. மூடிய ஐஸ் பெட்டி, காலித் தண்ணீர்ப் புட்டி, பந்து, கயிறு, மிதக்கிற எதையாவது வீசுங்கள்.

மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் ஆறுகளில் உப்புநீர் முதலைகள் உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி மிதக்கும் கட்டையைப் படமெடுக்கத் தண்ணீர் ஓரம் போகாதீர்கள். பொந்துள்ள கட்டைக்குள் கை விடாதீர்கள், பூரானோ பாம்போ இருக்கும். படகுப் பலகைகளில் துருப்பிடித்த ஆணி இருக்கும், செருப்பு போதாது. ஒதுங்கிக் கிடக்கும் ஜெல்லி மீன் செத்திருந்தாலும் கொட்டும். இடி கேட்டால் வெட்டவெளி மணலில் இரும்பு முக்காலியோடு நிற்காதீர்கள், காருக்குள் போய்விடுங்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவும் அன்று காலையும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலியைப் பாருங்கள். மழை வருமா என்று மட்டும் பார்ப்பது போதாது. பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் என்ற எச்சரிக்கை தனியாக வரும். அதில் முதல் நிலை என்றாலே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை. முதல் நிலைதானே என்று பலர் அலட்சியமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 3.5 மீட்டர் என்பது ஒரு வீட்டின் உட்கூரையைவிட உயரம். கிழக்கு ஜொகூருக்கு எந்த நிலை எச்சரிக்கை இருந்தாலும் பயணத்தை ரத்து செய்யுங்கள். பெட்ரோல் அடித்தாகிவிட்டது, பிள்ளைகள் அழுவார்கள் என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. பாதி வழியில் தெரியவந்தால் கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிப் பக்கம் திரும்பலாம் என்றும் நினைக்காதீர்கள், அந்த மழை அங்கேயும் பெய்திருக்கும்.

ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் மேட்டுக்கு ஏறுங்கள். யாராவது அடிபட்டோ இழுபட்டோ போயிருந்தால் உடனே 999. தீயணைப்பு மீட்புத் துறையான பொம்பாவைக் கேளுங்கள், ஆம்புலன்ஸும் வேண்டும் என்று சொல்லுங்கள். 'தெசாரு கடற்கரை' என்று மட்டும் சொன்னால் தேடியே நேரம் போய்விடும், அது கிலோமீட்டர் கணக்கில் நீண்ட கரை. வரும் வழியில் பார்த்த பெயர்ப்பலகை, பக்கத்து விடுதியின் பெயர், போனில் தெரியும் வரைபட எண்கள், எது கிடைக்கிறதோ அதைச் சொல்லுங்கள். ஆள் கட்டைக்கு அடியில் சிக்கியிருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், கருவிகளோடு வருவார்கள். தண்ணீரிலிருந்து எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்குவதோ வயிற்றை அமுக்குவதோ கூடாது. மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும். எப்படி என்று 999இல் பேசுபவரே சொல்லித்தருவார். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போவோம்" என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சை அடைக்கும். பெரிய அரசு மருத்துவமனை கோத்தா திங்கியில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை போனில் பேசுபவர் சொன்னதை ஒருவர் செய்யட்டும், இன்னொருவர் சாலை முனையில் காரின் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கட்டும், மற்றவர்கள் பிள்ளைகளைத் தண்ணீர் பக்கம் விடாமல் பிடித்துக்கொள்ளட்டும்.